பட்டியலில் விட்டுப்போன கோப்பு

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பொட்டலம் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இல்லை, நேராகவே அப்படித்தான் கூப்பிடுவோம். அவளும் திரும்பிப் பார்ப்பாள். பொட்டலம் கட்டுவதுதானே அவள் வேலை? பெர்ல் என்ற கணினி மொழியில் யார் யாரோ எந்தெந்த மூலையிலோ உட்கார்ந்து எழுதி வைத்த மாட்யூல்களை, அதாவது ஒரு வேலைக்கென்று எழுதிய நிரல் தொகுப்புகளை, எடுத்து, எங்கள் சர்வர்களில் ஒரே கட்டளையில் ஏறி உட்காரும்படி கட்டிக் கொடுப்பாள். நான் சோதனைப் பிரிவு. அவள் கட்டியதை நான் பிரித்துப் பார்த்துக் குறை சொல்வேன். பதினான்கு வருடம் அடுத்தடுத்த மேசையில் இப்படியே ஓட்டினோம்.

ஒவ்வொரு மாட்யூலோடும் இரண்டு கோப்புகள் வரும். ஒன்று மேக்ஃபைல். இதைக் கட்ட என்னென்ன வேண்டும், எதன் பின் எதைச் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். இன்னொன்று, உள்ளே என்னென்ன கோப்புகள் அடங்கியிருக்கின்றன என்ற பட்டியல். பட்டியலில் இருப்பது மட்டும்தான் பொட்டலத்துக்குள் போகும். இந்த இரண்டில் எதிலாவது ஒரு வரி பிசகினால் போதும், எல்லாவற்றையும் கட்டிப் பார்க்கும் பில்டு மெஷின் பாதியில் நின்று சிவப்பு எழுத்தில் நூறு வரி புலம்பித் தீர்த்துவிடும்.

அந்த நூறு வரியையும் அவள் மேலிருந்து படிப்பாள். "முதல்ல வர்ற பிழைதான் பிழை. மிச்சமெல்லாம் அதோட ஒப்பாரி" என்பாள். எழுதியவரிடம் கேட்டால், "என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே ஓடுது?" என்று பதில் வரும். "ஓடாம? உன் வீட்டுலதான் எல்லாம் இருக்கே" என்று திரையைப் பார்த்துத் திட்டுவாள். சாப்பிடக் கூப்பிட்டால், "இரு, இவன் எதை வீட்டுலயே விட்டுட்டு வந்தான்னு பாத்துட்டு வரேன்" என்பாள். நான் போய் வந்து கை கழுவும்போதுதான் டப்பாவைத் திறப்பாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறையில் தனியாக இருந்தாள். சொந்தம் என்று இருந்தது ஒரே தம்பி. ஆறு வயது இளையவன். ரயிலில் ஒன்பது மணி நேரத் தொலைவில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, அங்கேயே மனைவி, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் போன் வந்துவிடும். முக்கால் மணி நேரம் பேசுவார்கள். திங்கட்கிழமை அதில் பாதி எனக்கு வந்து சேரும்.

அந்தத் தம்பி கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பரிசோதனை மீட்டர்கள் காட்டும் எண்களைத் தினமும் கையால் எழுதி எழுதி அலுத்துப்போய், தானாகவே பெர்ல் கற்றுக்கொண்டு, மீட்டரிலிருந்து எண்களை நேராகப் படித்து வாராந்திர அறிக்கை போடும் ஒரு மாட்யூல் எழுதினான். பொதுவில் போட்டான். முப்பது சின்னச் சின்னப் பரிசோதனைக் கூடங்கள் அதை எடுத்துக்கொண்டன. அந்தக் கூடங்களுக்கு சர்வர் கொடுப்பது நாங்கள் என்பதால், அது சுற்றி வந்து பொட்டலத்தின் மேசையிலேயே விழுந்தது. அன்று அவள் எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். தம்பியின் மாட்யூல் என்று வெளியே மட்டும் சொல்லவில்லை. "சலுகை காட்டுறேன்னு பேசுவாங்க. எல்லாரையும் மாதிரி அவனும் மாட்யூல் எழுதற ஒரு ஆசிரியர். அவ்வளவுதான்."

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அவன் புதிதாக ஒரு கோப்பு எழுதிச் சேர்ப்பான், பட்டியலில் எழுத மறந்துவிடுவான். அவன் கணினியில் கோப்பு இருப்பதால் எல்லாம் ஓடும். இங்கே வந்தால் "அந்தக் கோப்பைக் காணோம்" என்று பில்டு நின்றுவிடும். முதல் தடவை போனிலேயே சொன்னாள். சிரித்துக்கொண்டே திருத்தி அனுப்பினான். இரண்டாவது தடவை கொஞ்சம் கடிந்துகொண்டாள். மூன்றாவது தடவை வந்தது எங்கள் பெரிய வெளியீட்டு நாளன்று. நானூறு பொட்டலங்கள் பச்சை, ஒன்றே ஒன்று சிவப்பு. மேனேஜர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, "இது யாரோடது? எப்ப முடியும்?" என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் போனை எடுக்கவில்லை. பிழைகளைப் பதிவு செய்யும் பொதுப் பக்கத்தைத் திறந்து விறுவிறுவென்று தட்டினாள். பொட்டலம் கட்டுகிறவர்கள், மாட்யூல் எழுதுகிறவர்கள் எல்லோரும் படிக்கிற பக்கம் அது. அவள் எழுதியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "இது மூன்றாவது முறை. தன்னிடம் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் போடக்கூடத் தெரியாதவர், மற்றவர்கள் நம்பி எடுத்துக்கொள்ளும் ஒன்றை எழுதாமல் இருப்பதே நல்லது."

"ஏய், அவன் உன் தம்பிடி" என்றேன்.

"அவனுக்குத் தெரியும், என் கோவம் அரை மணி நேரம்னு" என்றாள்.

மேனேஜருக்குக் கோபம் தணிந்தது. அவன் இணையத்தில் பொதுவில் வைத்திருந்த மூல நிரல்களிலிருந்து அவளே கோப்பைத் தேடி எடுத்துச் சேர்த்துக் கட்டி முடித்தாள். ஆனால் அந்தப் பக்கத்தில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அக்காவும் தம்பியும் என்று தெரியாதவர்கள், யாரோ ஒரு அரைகுறையை யாரோ ஒரு கெட்டிக்காரி வெளுத்து வாங்கியதாக நினைத்தார்கள். அவனுடைய பழைய வரிகளையெல்லாம் தோண்டி எடுத்து ஒருவர் கேலி செய்ய, அதற்கு இன்னொருவர் தாளம் போட, மாலைக்குள் பத்தொன்பது பேர் எழுதியிருந்தார்கள். "கடைக்குப் போகும்போது மனைவி எழுதித் தரும் பட்டியலையாவது தொலைக்காமல் இருப்பாரா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு ஏழு பேர் சிரித்திருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, எல்லாவற்றுக்கும் அடியில் அவன் பதில் வந்தது. "தங்கள் கருத்துக்கு நன்றி."

தங்கள். அவள் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அவளை நீ என்று கூப்பிட்டவன்.

அந்த ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு இவளே கூப்பிட்டாள். "கொஞ்சம் வேலையா இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். அந்த அப்புறம் வரவே இல்லை. "ஒரு மன்னிப்புக் கேட்டா முடிஞ்சுது" என்று நான் சொன்னபோதெல்லாம், "மூணு தடவை தப்புப் பண்ணவன் அவன். அவனே பேசட்டும்" என்றாள். முதல் வருடம் அதைக் கோபமாகச் சொன்னாள். மூன்றாவது வருடம் பழக்கத்தில் சொன்னாள். அதற்குப் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

அந்த மாட்யூலுக்குப் புதிய பதிப்பு எதுவும் வரவில்லை. ஆனால் முப்பது கூடங்களும் அதை நம்பிக்கொண்டிருந்தன. பெர்ல் மொழி மட்டும் நிற்காமல் மாறிக்கொண்டிருந்தது. ஒரு பதிப்பில், நிரல் தான் நிற்கும் அடைவிலேயே, அதாவது அதே ஃபோல்டரிலேயே, துணைக் கோப்புகளைத் தேடும் பழைய வழக்கத்தைப் பாதுகாப்பு கருதி நிறுத்திவிட்டார்கள். தம்பியின் மேக்ஃபைல் பக்கத்திலேயே இருக்கும் ஒரு கோப்பைத்தான் நம்பியிருந்தது. அடுத்த கணமே சிவப்பு. "இந்த இடத்திலும் தேடு" என்று சொல்லும் ஒரு வரியை இவள் சேர்த்துச் சரி செய்தாள். இப்படி ஒரு ஒட்டு, இன்னொரு ஒட்டு என்று ஏழு வருடத்தில் பதினோரு ஒட்டுகள். ஒட்டுப் போட்டால் அதை எழுதியவருக்கு அனுப்பி வைப்பதுதான் முறை. மற்ற எல்லோருக்கும் அனுப்புவாள். இதை மட்டும் அனுப்பவில்லை.

"ஏன்டி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டேன்.

"எப்படி ஆரம்பிக்கறது? 'மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு'ன்னா? என் தம்பிக்கா?"

ஒரு புதன்கிழமை காலை, ஒன்பதரை இருக்கும், அவள் போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். தம்பி மனைவி. இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை வைத்துவிட்டு என்னிடம், "பல்லு விளக்கிட்டிருந்தானாம். விழுந்துட்டானாம்" என்றாள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. அவனுக்கு நாற்பத்தொரு வயது.

அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நானே டிக்கெட் எடுத்து உடன் போனேன். ஒன்பது மணி நேரமும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு முறை, "போனதும் முதல்ல என்ன சொல்லணும்?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வராந்தாவில் வைத்தே சொன்னார். "வலது பக்கம் விழுந்துடுச்சு. பேச்சு, எழுத்து ரெண்டையும் பாத்துக்கற இடத்துலயே அடிச்சிருக்கு. நீங்க சொல்றது அவருக்கு எவ்வளவு புரியுதுன்னு இப்போ எங்களால சொல்ல முடியாது. ஒரு வார்த்தை மட்டும் சொல்றார். அது தானா வர்றது. அதை வெச்சு எதையும் முடிவு பண்ணிடாதீங்க."

உள்ளே போனோம். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கண் மட்டும் அப்படியே அவள் கண். இவளைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கினான்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "டேய், தப்பு என் மேலடா. உன்னைப் போய் அத்தனை பேர் முன்னாடி... நான்தான்டா போன் பண்ணியிருக்கணும். ஏழு வருஷம் வீம்பா இருந்துட்டேன். மன்னிச்சுடுடா."

அவன் "சரி" என்றான்.

அவள் உடைந்து அழுதாள். அவன் கையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அந்த நேரத்தில் நர்ஸ் உள்ளே வந்து, "ஊசி போடலாமா சார்?" என்றாள். "சரி" என்றான். "வலிக்குதா?" "சரி." "உங்க பேர் என்ன?" "சரி."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனோம். பரிசோதனைக் கூடத்திலிருந்து ஆள் மேல் ஆள் போன் செய்துகொண்டிருந்தார்கள், அந்த வார அறிக்கை அவன் கணினியில் மாட்டிக்கொண்டிருந்தது. "உங்களுக்குத்தான் அண்ணி அதெல்லாம் புரியும்" என்று தம்பி மனைவி அவளை மேசை முன்னால் உட்கார வைத்தாள். ஜன்னலோரச் சின்ன மேசை. மேலே ஒரு பலகையில், தேதி ஒட்டிய தண்ணீர்ப் பாட்டில்கள் வரிசையாக இருந்தன.

அறிக்கையை எடுத்து அனுப்பிவிட்டு, பக்கத்தில் இருந்த மாட்யூலின் அடைவைத் திறந்தாள். புதிய பதிப்பு ஒன்று தயாராக இருந்தது. விட்டுப்போன கோப்பு பட்டியலில் சேர்ந்திருந்தது. பதிப்பு எண் ஏறியிருந்தது. தேதி, அவள் பொதுப் பக்கத்தில் அந்த வரிகளை எழுதிய நாளிலிருந்து இரண்டாம் நாள். கூடவே புதிதாக ஒரு சின்ன நிரலும் இருந்தது. அறுபத்திரண்டு வரி. அடைவில் இருக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாக எண்ணி, பட்டியலோடு ஒப்பிட்டு, விட்டுப்போனதைச் சொல்லும் நிரல். அதன் தலையில் ஒரு குறிப்பு: "மறுபடி விட்டுப்போகக் கூடாது."

"ரெண்டு நாள் லீவு போட்டு உக்காந்து பண்ணாரு" என்றாள் தம்பி மனைவி, கதவில் சாய்ந்தபடி. "அக்கா இனிமே ஒண்ணும் சொல்ல முடியாது, பாருன்னு சிரிச்சாரு. அனுப்பறதுக்கு முன்னாடி மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்தாரு. அதுக்குள்ள அங்க எல்லாரும் சேர்ந்து எழுதியிருந்தாங்க இல்ல? எல்லாத்தையும் படிச்சாரு. என்னைப் பத்திக்கூட ஒருத்தர் எழுதியிருந்தாரு, பட்டியல் எழுதித் தர்றதைப் பத்தி. அப்புறம் என்னமோ ஒரு வரி பதில் போட்டுட்டு மூடி வெச்சுட்டாரு. அனுப்பவே இல்ல."

பொட்டலம் அந்த அறுபத்திரண்டு வரியை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இதுக்கு ஒரு கட்டளையே இருக்கு. ரெண்டே வார்த்தை. தட்டினா பட்டியலைச் சரிபார்த்து அதுவே சொல்லிடும். அது தெரியாம இவ்வளவும் எழுதியிருக்கான். யாரையாவது கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பாங்க."

"யாரைக் கேப்பாரு அண்ணி?" என்றாள் தம்பி மனைவி. குரலில் கோபமே இல்லை. "இந்த விஷயத்துல கேக்கறதுக்கு அவருக்கு இருந்தது நீங்க ஒருத்தர்தானே?"



ஊர் திரும்பியதும் அவள் செய்த முதல் காரியம் அந்தப் பொதுப் பக்கத்தைத் திறந்ததுதான். "இதை எழுதியவர் என் தம்பி. பட்டியலைச் சரிபார்க்கும் கட்டளையை நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் அவமானப்படுத்தினேன். தவறு என்னுடையது" என்று எழுதினாள். சிரித்தவர்களில் ஒருவர் மட்டும் வருத்தம் தெரிவித்தார். இன்னொருவர், எங்கள் பொட்டலத்துக்குள் பார்த்த அந்தப் பதினோரு ஒட்டுகளையும் எல்லோருக்குமாக வெளியிட முடியுமா என்று கேட்டார். மற்றவர்கள் எப்போதோ வேறு இடம் போய்விட்டிருந்தார்கள்.

அதற்குப் பின் மாதத்துக்கு ஒரு வாரம் தம்பி வீட்டில் இருந்தாள். அவன் செய்துவைத்த பதிப்போடு தன் ஒட்டுகளையும் சேர்த்து, புதிய பெர்லில் கட்டிப் பார்த்தாள். பச்சை. வெளியிட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அவன் பெயரில் போகும் ஒன்றை அவனைக் கேட்காமல் எப்படி அனுப்புவது? மடிக்கணினியை அவன் முன்னால் வைத்து, "அனுப்பட்டுமாடா?" என்றாள். "சரி" என்றான். அவளுக்குச் சந்தேகம். "இல்ல, அழிச்சுடட்டுமா?" "சரி."

திரையை மூடிவிட்டாள். இதை என்னிடம் போனில் சொல்லும்போது அவள் அழவில்லை. "அவன்கிட்ட ஒண்ணு கேட்டுப் பதில் வாங்கற காலம் எனக்குக் கிடைச்சுது. நான் அப்போ கேக்கல" என்று மட்டும் சொன்னாள்.

ஐந்தாவது மாதம் இடது கை நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது. ஒரு காலை வேளை, மடிக்கணினியை அவன் மடியில் வைத்து, கட்டளையை முழுதாகத் தட்டி வைத்துவிட்டு, எண்டர் பொத்தானை அவன் விரலுக்குக் காட்டினாள். "உனக்கு வேணும்னா அமுக்கு. வேண்டாம்னா விட்டுடு. நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்று தள்ளிப் போய் உட்கார்ந்தாள். தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வெகு நேரம். பிறகு பொத்தான் அமுங்கும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சு அமுக்கினானா, கை தவறிப் பட்டுதான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுதான்னு நான் வெச்சுக்கறேன்" என்றாள் என்னிடம்.

புதிய பதிப்பு வெளியானால், உலகம் முழுதும் இருக்கும் தன்னார்வலர்களின் கணினிகள் அதை எடுத்துக் கட்டிப் பார்த்து, ஆசிரியருக்கு முடிவை எழுதி அனுப்பும். இது தம்பி மனைவிக்குத் தெரியாது. மறுநாள் அவன் போனில் கடிதங்கள் கொட்டுவதைப் பார்த்துப் பயந்துபோய் ஓடிவந்தாள். "அண்ணி, மறுபடி எல்லாரும் எழுத ஆரம்பிச்சுட்டாங்க!"

பொட்டலம் வாங்கிப் பார்த்தாள். "பயப்படாத. மெஷினுங்க எழுதுது. பாஸ்னு போட்டிருக்கு பாரு."

"எல்லாமேவா?"

"மூணு பெயில். அதை நான் பாத்துக்கறேன்."

அன்று மதியம் தம்பி மனைவி அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். எல்லாம் ஒரே மாதிரிக் கடிதம்தான், எந்த இயந்திரம் என்பது மட்டும் மாறும். இருநூற்றுப் பதினான்கையும் விடாமல் படித்தாள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது குரல் கட்டிப் போயிருந்ததாம்.

அவன் பதினோராவது மாதம் போய்விட்டான். மறுபடியும் அதே அடைப்பு. இந்த முறை பொட்டலம் அங்கேதான் இருந்தாள். தூக்கத்திலேயே போய்விட்டான் என்று சொன்னாள். நானும் போயிருந்தேன். பரிசோதனைக் கூடத்து ஆட்கள் வேலை உடையிலேயே வந்து நின்றார்கள். பொட்டலம் எல்லோருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். போதும், உட்கார் என்று நான் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நின்றாள்.

ஆறு வாரம் கழித்து அலுவலகத்துக்கு வந்தாள், வேலையை விடுவதற்காக. தம்பி வீட்டிலேயே இருந்துவிடப் போவதாகச் சொன்னாள். மேசையில் இருந்ததையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டாள். அன்றுதான், பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக, என்னோடு சேர்ந்து சரியான நேரத்துக்குச் சாப்பிட வந்தாள்.

"ரெண்டு பொம்பளைங்க ஒரே வீட்டுல. ஒத்துப்போகுமாடி?" என்று கேட்டேன்.

"நேத்துக்கூட சண்டை. ஈரத்துணியை மடிச்சு வெச்சுட்டேனாம். பொண்ணோட சீருடை நாறுதுன்னு கத்தினா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நானும் கத்தினேன். அவ பாட்டுக்குப் பாத்திரம் தேச்சா. கொஞ்ச நேரம் கழிச்சுப் போய்ப் பக்கத்துல நின்னு, தேச்சதை வாங்கி அலசிக் குடுத்தேன். பேசிட்டோம். எந்தச் சண்டையையும் மறுநாளைக்கு எடுத்துட்டுப் போறதில்லன்னு வெச்சிருக்கோம்."

சொல்லிவிட்டு டப்பாவை மூடினாள். பாதிகூடச் சாப்பிட்டிருக்கவில்லை. நாலு மணி ரயிலுக்குப் போக வேண்டும் என்று எழுந்தாள். பையை நான் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனேன். பேருந்து வந்ததும் பையை வாங்கிக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.